வெள்ளிக்கிழமை ஆராதனையும் மீதி ஆறு நாளும்

தம்பி, குவைத்துக்கு வந்ததிலிருந்து ஞாயிறு டியூட்டியாகவே இருக்கிறது, கோயிலுக்குப் போக முடியவில்லை என்று எழுதியிருக்கிறாய். ரூமில் மற்ற எல்லாரும் வேறு மதம், அவர்களுக்குச் சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்கலாமா என்று கேட்கிறாய். கருங்கலிலிருந்து அம்மா போன் செய்யும்போதெல்லாம் "ஆண்டவருக்காக அங்கே என்ன செய்கிறாய்?" என்று கேட்கிறார்கள், பதில் சொல்லத் தெரியவில்லை என்கிறாய். தசமபாகம், அதாவது சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு ஆண்டவருக்குக் கொடுப்பது பற்றியும் கேட்டிருக்கிறாய். நானும் குமரி மாவட்டம்தான், நெய்யூர்ப் பக்கம். இங்கே வந்து தலை நரைத்துவிட்டது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

இந்த நாட்டில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அதனால் சபை கூடுவது பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான். குவைத் சிட்டியில் நேஷனல் எவாஞ்சலிக்கல் சர்ச் வளாகத்துக்குப் போ. ஒரே வளாகத்தில் பல மொழிச் சபைகள் நேரம் பிரித்து ஆராதிக்கின்றன, தமிழும் உண்டு. வெள்ளிக்கிழமையைக் கர்த்தருடைய நாளாக நினைக்க முதலில் மனசு ஒப்பாது. போகப் போகச் சரியாகிவிடும்.

கைப்பிரதி வேண்டவே வேண்டாம். முஸ்லிம்களிடம் மதம் பரப்புவதற்கு இங்கே சட்டப்படி தடை. உன் வேலை போவதோடு நிற்காது, நிம்மதியாக ஆராதித்துக்கொண்டிருக்கிற மற்றவர்களுக்கும் இடைஞ்சல் வரும். ரமலான் பகலில் பொது இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்காதே, அதுவும் சட்டம்தான். ரூமிலேயே நோன்பு பிடிக்கிறவர் இருந்தால் அவர் முன்னால் தட்டை வைத்துச் சாப்பிடாமல் இருப்பது நம்முடைய மரியாதை. அவராக உன் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால் மறைக்காமல், சாந்தமாகப் பதில் சொல். வாதம் பண்ணாதே.

அப்படியானால் ஊழியம் என்று எதைச் சொல்வது? எனக்கு இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் டிலனாய் ஞாபகம்தான் வரும். உதயகிரிக் கோட்டைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு போய் அவர் கல்லறையைக் காட்டியிருப்பார்களே, அவர்தான். 1741-ல் குளச்சல் சண்டையில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைக்காரர். பிறகு அதே ராஜாவிடம் வேலைக்குச் சேர்ந்து படைக்குப் பயிற்சி கொடுத்தார். அவரும் அந்நிய தேசத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர், பிரசங்கம் பண்ண வந்தவர் இல்லை. அரண்மனை அதிகாரியான நீலகண்ட பிள்ளை, மாடுகள் செத்து, வெள்ளாமை போய், மனம் உடைந்து இருந்தபோது டிலனாய் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் இழந்தும் தேவனை விடாத யோபுவின் கதையைச் சொன்னார் என்பார்கள். அந்த நீலகண்ட பிள்ளைதான் 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ல் வத்திக்கானில் கத்தோலிக்க சபையார் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். நீ சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) ஆக இருந்தாலும் இது நம் மண்ணின் கதை. ஒரு வேலைக்காரர் தன்னோடு வேலை பார்த்தவரின் துக்கத்தை விசாரித்ததில்தான் அத்தனையும் ஆரம்பித்தது.

அப்படி உட்கார வேண்டிய இடம் நீ தங்கியிருக்கிற கேம்பிலேயே வரும். என் ரூமில் ஒரு பீகார்ப் பையன் இருந்தான். அவன் அப்பா இறந்துவிட்டார், லீவு கிடைக்கவில்லை. சுடுகாட்டில் சிதைக்குத் தீ வைப்பதை ராத்திரி செல்போனில் பார்த்தான். அவன் கை நடுங்கினதால் பக்கத்துக் கட்டில் சாமுவேல் அண்ணன் போனை வாங்கி, முடியும்வரை அவன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்துவிட்டு டியூட்டிக்குப் போனார். பல மாதம் கழித்து அந்தப் பையனே அவரிடம் போய், "நீங்கள் தினமும் விடியற்காலையில் என்ன ஜெபிக்கிறீர்கள்?" என்று கேட்டான்.

வேலையிலும் இப்படித்தான். ஃபோர்மேன் வராத ஆளுக்கு ஓவர்டைம் எழுதச் சொன்னால் எழுதாதே. ரூமில் வட்டிக்குப் பணம் விடாதே. நம்ம ஆட்களே விடுகிறார்கள், வெள்ளிக்கிழமை முன்வரிசையில் நின்று பாடுகிறார்கள். இது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். கடன் வாங்கின பையன் அந்தச் சபைக்குள் எந்த நம்பிக்கையோடு வருவான்?

முடிந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போ. பார்க்க ஆள் வராத நோயாளிகள் நம் தமிழர்களிலேயே இருக்கிறார்கள். ஊருக்குப் போன் போட்டுக் கொடுத்தாலே அவர்களுக்குப் பாதி நோய் குறையும். 1838-ல் தொடங்கின மிஷன் ஆஸ்பத்திரியைப் பார்த்து வளர்ந்த எங்கள் நெய்யூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இங்கேயும் 1914-ல் அமெரிக்க மிஷன்காரர்கள் ஆஸ்பத்திரி கட்டினார்கள். கடற்கரைச் சாலையில் அந்த ஆஸ்பத்திரி இருந்த இடம் இன்று கலாச்சார மையமாக இருக்கிறது, குவைத்காரர்கள் 'அம்ரிகானி' என்பார்கள்.

அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்ல ஒரு வழி இருக்கிறது. வீட்டில் உலை வைக்கும் முன் ஆண்டவருக்கென்று கைப்பிடி அரிசி எடுத்து வைப்பார்கள் இல்லையா, உங்கள் மெஸ்ஸிலும் ஆரம்பி. முதல் சம்பளம் வராமல் குப்பூஸ் ரொட்டியும் தயிரும் தின்று காலம் தள்ளுகிற புதுப் பையன்கள் எப்போதும் இருப்பார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய் கட்டிக் கொடுங்கள், எந்த மதம் என்று கேட்காமல். அதை அம்மாவிடம் சொல், சந்தோஷப்படுவார்கள்.

தசமபாகத்தை நீ ஆராதிக்கிற சபையில் கொடு. ஊரில் அறுப்பின் பண்டிகை வரும்போது அம்மா கையில் தனியாகக் கொடுத்து அனுப்பு. விசாவுக்கு வாங்கின கடனைத் தவணை தவறாமல் அடைத்துக்கொண்டே இதைச் செய்.

உன் கேம்ப் மங்காஃபா, மஹ்பூலாவா, அப்பாஸியாவா என்று எழுது. அந்தப் பக்கத்திலிருந்து வெள்ளிக்கிழமை வண்டி எடுத்து வருகிறவர்களிடம் உனக்கு ஒரு இடம் சொல்லி வைக்கிறேன்.