பிரைமர் உரிந்தால் பொருக்கின் பின்பக்கத்தைப் பாருங்கள்

புதிதாகச் சிமெண்ட் பூசிய வெளிச்சுவரில் பிரைமர், அதாவது பெயிண்டுக்கு முன் அடிக்கிற அடிக்கோட், நிற்கவில்லை என்று வந்த கேள்விகளைச் சேர்த்து ஒரே மூச்சில் பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரி கேட்டவர்களை ஒன்றாக்கிவிட்டேன். எந்தக் கம்பெனி பிரைமர் நல்லது என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் தப்பு டின்னுக்குள் இல்லை, சுவரில்தான் இருந்தது.

ஈரோடு: அண்ணா, பூச்சு முடிந்த 12-ம் நாள் பிரைமர் அடித்தார்கள். ஒரு வாரத்தில் ஏடு ஏடாக உரிகிறது. பெயிண்டர் "டூப்ளிகேட் பிரைமர்" என்கிறார். கடைக்காரர் "பெயிண்டர் தண்ணீரை ஊற்றிவிட்டார்" என்கிறார். யாரை நம்புவது?

இரண்டு பேரையும் விடுங்கள் தம்பி. உரிந்த பொருக்கு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் மணலும் சிமெண்ட் தூளும் அப்பியிருந்தால் பிரைமர் பிடித்துத்தான் இருக்கிறது, பூச்சின் மேல்தோல்தான் பெயர்ந்து வந்திருக்கிறது. பின்பக்கம் சுத்தமாக, வழவழப்பாக இருந்தால் பிரைமர் சுவரைப் பிடிக்கவே இல்லை. சுவர் ஈரமாக இருந்திருக்கும், இல்லையென்றால் மழமழவென்று தேய்த்து விட்டிருப்பார்கள். வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் உப்பு. பொருக்கே பிசுபிசுவென்று நகத்தில் ஒட்டினால் சிமெண்டின் காரம் (ஆல்கலி) வேலை செய்திருக்கிறது.

உங்கள் வீட்டுக் கணக்கைப் பார்த்தால் ஈரம் என்றுதான் தோன்றுகிறது. பூச்சு இறுகுவதற்காக ஏழு நாள் தண்ணீர் விட்டிருந்தால் காய்வதற்குக் கிடைத்தது ஐந்தே நாள். தண்ணீர் விடாமல் இருந்திருந்தால் அது வேறு வியாதி, கீழே தாம்பரத்துக்காரருக்குச் சொல்லியிருக்கிறேன். பூச்சுக்குள் இருக்கும் தண்ணீர் எப்படியும் வெளியே வந்தாக வேண்டும். வரும்போது சிமெண்டின் காரத்தையும் கரைத்துக்கொண்டு வரும். காரத்தை அளக்கிற பி.எச். எண் புதுப் பூச்சில் 12-க்கு மேல் இருக்கும். அந்த நேரத்தில் மேலே ஒரு படலம் போட்டால் அது பின்னாலிருந்து தள்ளுப்படும்.

வழக்கமான கணக்கு இதுதான்: குறைந்தது 7 நாள் தண்ணீர், கோடையில் 10 நாள், பூசி 28 நாள் ஆன பிறகு பிரைமர். இது காய்ந்த காலத்துக்கான கணக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நாளை எண்ணிப் பயனில்லை, சுவரைத்தான் கேட்க வேண்டும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தெளிவான பிளாஸ்டிக் தாளை எடுத்து நான்கு ஓரமும் காற்றுப் போகாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். சாயங்காலம் ஒட்டி மறுநாள் காலை, ஒரு 16 மணி நேரம் கழித்துப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தாலோ, அந்த இடத்துச் சுவர் கறுத்திருந்தாலோ இன்னும் காயவில்லை. வடக்குப் பக்கச் சுவரிலும் பாத்ரூம் சுவரிலும் கட்டாயம் ஒட்டிப் பாருங்கள், அவைதான் கடைசியில் காயும். டேப்பே சுவரில் ஒட்டவில்லை என்கிறீர்களா? அதுவும் ஒரு பதில்தான். டேப் ஒட்டாத சுவரில் பிரைமர் மட்டும் எப்படி ஒட்டும்?

திருச்சி: கிரகப்பிரவேசத்துக்குத் தேதி குறித்தாகிவிட்டது. பூசி மூன்று வாரம்கூட ஆகாது. ஏதாவது வழி உண்டா சார்?

உள்ளே வேலையை முடியுங்கள், வெளிச்சுவரை அப்படியே விடுங்கள். பால் காய்ச்சுவதைப் பார்க்க வருகிறவர்கள் வெளிச்சுவரில் பிரைமர் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கப் போவதில்லை. "முகப்புக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்துவிடலாம்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். பிறகு அதைச் சுரண்டி எடுக்காமல் பிரைமர் நிற்காது. காரம் தாங்கும் பிரைமர் என்று தனியாக விற்கிறார்கள், அது நல்ல பொருள்தான். ஆனால் அது தாங்குவது காரத்தை, ஈரத்தை இல்லை.

திருநெல்வேலி: கொத்தனார் நல்ல வேலைக்காரர், சுவரை அவ்வளவு வழவழப்பாக முடித்துக் கொடுத்தார். இரண்டு மாதம் காயவிட்டுத்தான் பிரைமர் அடித்தோம். அப்படியும் தாள் மாதிரி உரிந்து வருகிறது.

அந்த வழவழப்புதான் வினை. கடைசியில் காய்ந்த சிமெண்டைத் தூவி, இரும்புக் கரணையால் அழுத்தித் தேய்த்திருப்பார். தேய்க்கத் தேய்க்க சிமெண்ட் பால் மேலே ஏறி, மணல் தெரியாத மெல்லிய தோலாக இறுகிவிடும். பார்க்க அழகு. பிரைமர் இறங்கித் துளைக்குள் பிடிக்க வேண்டும், அங்கே துளையே இல்லை. போதாததற்கு அந்தத் தோலில் நூல் நூலாக வெடிப்பும் விடும்.

ஒரு கை தண்ணீரைச் சுவரில் தெளித்துப் பாருங்கள். சீக்கிரமே உறிஞ்சிச் சுவர் கறுத்தால் நல்லது. முத்து முத்தாக உருண்டு கீழே ஓடினால் தோல் மூடியிருக்கிறது. முரட்டு உப்புத்தாள், 60-ம் நம்பர், வைத்துத் தேய்த்தோ கம்பி பிரஷ் போட்டோ அந்தத் தோலை எடுத்தாக வேண்டும். பெரிய சுவர் என்றால் மெஷினில் தேய்க்கலாம். மணல் கண்ணுக்குத் தெரியும் வரைக்கும் எடுத்து, கழுவி, காயவிட்டுப் பிறகு பிரைமர். ஆசிட் ஊற்றிக் கழுவலாமா என்று நீங்களும் இன்னும் இரண்டு பேரும் கேட்டிருக்கிறீர்கள். நான் சொல்ல மாட்டேன். சரியாகக் கழுவாவிட்டால் அதுவே சுவருக்குள் உப்பாகத் தங்கும், ஜன்னல் கம்பியையும் அரிக்கும்.

அடுத்த சுவரை மணியாசு கட்டையால் (தேய்ப்பு மரப்பலகை) தேய்த்து ஸ்பாஞ்ச் போட்டு விடச் சொல்லுங்கள். வெளிச்சுவருக்கு அந்தச் சொரசொரப்புதான் வேண்டும். கொத்தனார் முகம் சுளிப்பார், வழவழப்பைத்தான் அவர் தொழில் கௌரவமாக நினைக்கிறார். பக்குவமாகப் பேசுங்கள்.

தாம்பரம்: சுவரைத் தடவினால் உள்ளங்கை முழுக்கத் தூள். எம்-சாண்டில் (கல்லை உடைத்த மணல்) பூசியதால்தான் என்கிறார்கள். கெட்டியான பிரைமர் இரண்டு கோட் போட்டால் சரியாகுமா?

ஆகாது. கெட்டியாக அடித்தால் இன்னும் மோசம். தடித்த படலம் காயும்போது சுருங்கும், சுருங்கும்போது வலுவில்லாத மேல்தோலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். உங்கள் பொருக்கின் பின்பக்கம் மணலாகத்தான் இருக்கும், பாருங்கள்.

எம்-சாண்டை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எம்-சாண்ட் கான்கிரீட்டுக்கு, பூச்சுக்கு அதைவிடச் சன்னமாகச் சலித்த பி-சாண்ட். எதுவானாலும் கல்தூள் அதிகம் இருந்தால் மேலே பொடியும். அதைவிடப் பெரிய காரணங்கள் இரண்டு. ஒன்று, தண்ணீர் விடாதது. வெயிலும் காற்றும் சேர்ந்து மேல்பரப்பின் தண்ணீரை இழுத்துவிட்டால் சிமெண்ட் இறுகாமல் வெறும் பொடியாக நின்றுவிடும், பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பெரிய மாற்றம் வராது. இன்னொன்று, காலையில் குழைத்த கலவையைச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் தெளித்துக் கிளறி மறுபடி பூசுவது. பக்கத்தில் ஆள் நிற்காத வீடுகளில் இது நடக்கும்.

ஆணியால் அழுத்திக் கீறுங்கள். மேலாகக் கோடு மட்டும் விழுந்தால் பிழைத்தீர்கள். நன்றாகப் பெருக்கி, கழுவி, காயவிட்டு, முதல் கோட்டை டின்னில் போட்டிருக்கும் அளவுக்குள் கலக்கி, பிரஷ்ஷால் அழுத்தி உள்ளே இறங்கும்படி அடிக்கச் சொல்லுங்கள். ரோலர் வேண்டாம். ஆணி பள்ளம் பறித்து மணல் கொட்டினால் அந்தப் பூச்சைக் கொத்தி எடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

ராமநாதபுரம்: சுவர் முழுக்க உப்புப் பூக்கிறது. கழுவினால் போய்விடுகிறது, காய்ந்ததும் திரும்ப வருகிறது.

கழுவுவதை நிறுத்துங்கள். நீங்கள் ஊற்றுகிற தண்ணீரில் கரைந்து உப்பு மறுபடி சுவருக்குள்ளேயே போகிறது. காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, விழுவதைக் கீழே சிமெண்ட் பையை விரித்துப் பிடித்து அப்புறப்படுத்துங்கள். பூக்கப் பூக்கத் தட்டுங்கள். பூப்பது நின்ற பிறகுதான் பிரைமர்.

போர்வெல் தண்ணீரில்தான் கலவை போட்டீர்களா? கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-ன்படி கட்டுமானத் தண்ணீரில் கரைந்த உப்புகள் மொத்தம் லிட்டருக்கு 3,000 மில்லிகிராம், சல்பேட் 400 மில்லிகிராம் தாண்டக்கூடாது. குளோரைடு, கம்பி இருக்கும் கான்கிரீட்டுக்கு 500. கடலோர போர்வெல் தண்ணீர் பல இடங்களில் இதைத் தாண்டும், ஆகவே அடுத்த கட்ட வேலைக்கு முன் ஒரு பாட்டில் பிடித்து லேபில் கொடுத்துப் பாருங்கள். உப்பு தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்கு மட்டும் என்றால் நிலத்து ஈரம் ஏறுகிறது. மேலிருந்து என்றால் கைப்பிடிச் சுவரின் தலைப்பைப் பாருங்கள், அங்கே பூச்சு வெடித்து மழைத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் வழியை அடைக்காமல் உப்பை மட்டும் தட்டிக்கொண்டிருந்தால் முடிவே வராது.

யாழ்ப்பாணம்: அண்ணை, பூசி ரெண்டு மாசம். கிணத்துத் தண்ணியாலதான் நனைச்சனாங்கள். மெல்லிய வெள்ளைப் படலம் ஒண்டு கிடக்கு. இதுவும் உப்போ?

கொஞ்சம் சுரண்டி ஒரு தட்டில் வைத்துத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கரைந்தால் உப்பு. கரையாமல், வினாகிரி (வினிகர்) விட்டதும் நுரைத்தால் சுண்ணாம்பு. அங்கே கிணறுகள் சுண்ணக்கல்லுக்குள் இறங்கியவை, தண்ணீரிலேயே சுண்ணாம்பு இருக்கும். சீமெந்திலிருந்து வருவதும் சேரும். இது உப்புப் போலத் திரும்பத் திரும்பப் பூத்துத் தள்ளாது. ஆனால் மேலே பொடியாக விட்டுவிட்டு பிரைமர் அடிக்க வேண்டாம், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் துடைத்த பிறகு அடியுங்கள்.

மதுரை: மேற்குச் சுவரில் மட்டும் உரிகிறது, மற்ற மூன்றும் நன்றாக இருக்கின்றன. சித்திரையில் அடித்தது.

மத்தியானத்துக்கு மேல் அடித்திருப்பார்கள். கொதிக்கிற சுவர் பிரைமரின் தண்ணீரை உடனே குடித்துவிடும், மேலே தங்கியது இறங்கிப் பிடிப்பதற்குள் காய்ந்துவிடும். மேற்குச் சுவரைக் காலையிலும் கிழக்குச் சுவரை மாலையிலும் அடிக்க வேண்டும். உள்ளங்கையை வைத்து எடுக்காமல் இருக்க முடியாத சூடு என்றால் அன்றைக்கு வேறு வேலை பாருங்கள்.

விழுப்புரம்: பிரைமருக்குப் பதில் ஒயிட் சிமெண்ட் இரண்டு கை அடித்தால் போதும் என்கிறார் பெயிண்டர்.

ஒயிட் சிமெண்டும் சிமெண்ட்தான், அதற்கும் சுவரை நனைத்து அடித்து, பிறகு தண்ணீர் தெளிக்க வேண்டும். யாரும் செய்வதில்லை. செய்யாவிட்டால் பொடியும், மேலே அடிக்கிற பெயிண்ட் அந்தப் பொடியோடு வரும். ஏற்கெனவே அடித்தாகிவிட்டது என்றால் கறுப்புத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி வெளுத்தால் தேய்த்து எடுத்துவிட்டுத் தொடருங்கள்.

கோவை: ஆயில் பிரைமர் நல்லா ஒட்டுமாமே?

புதுப் பூச்சில் எண்ணெய் சார்ந்ததைத் தொடாதீங்க. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு. சோப்பு செய்கிற வேதியியல்தான் உங்கள் சுவரிலும் நடக்கும், படலம் பிசுபிசுத்து வழன்றுவிடும். பழைய, நன்றாகக் காய்ந்த சுவர் என்றால் வேறு பேச்சு.

காரைக்குடி: பழைய வீட்டைச் சுண்ணாம்புக் கலவையில் மறுபடி பூசியிருக்கிறோம். எத்தனை நாளில் பிரைமர் அடிக்கலாம் ஐயா?

அடிக்கவே வேண்டாம். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உள்ளே வாங்கித்தான் இறுகும். பிரைமரின் அக்ரிலிக் படலத்தால் மூடினால் அதுவும் தடைபடும், உள்ளே ஏறிய ஈரமும் வெளியேற முடியாமல் பூச்சையே பிடுங்கும். சுண்ணாம்பே அடியுங்கள். நிறம் வேண்டுமென்றால் காவிக்கல் போன்ற மண் நிறங்களைக் கலக்கலாம்.

நாகர்கோவில்: வீடு முழுக்க அடித்தாகிவிட்டது, அங்கங்கே உரிகிறது. முழுவதையும் சுரண்ட வேண்டுமா?

ஒவ்வொரு சுவரிலும் நாலைந்து இடத்தில், பிளேடால் பெருக்கல் குறி மாதிரி சுவர் தெரியும் வரை கீறி, நல்ல டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கீறலின் ஓரம் மட்டும் லேசாகப் போனால் அங்கே தொடாதீர்கள். பட்டையாக வந்தால் அந்தச் சுவரில் பிடித்திருப்பதாகத் தெரிகிற இடத்தையும் சுரண்டி எடுங்கள், அடுத்த மழையில் அதுவும் வரும். மிச்சம் விட்ட இடங்களின் ஓரத்தை உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்தால்தான் மேடு பள்ளம் தெரியாது.

பிறகு மூன்றடிக்கு மூன்றடி ஓர் இடத்தில் மட்டும் புது பிரைமர் அடித்து, ஒரு வாரம் விட்டு, அதே டேப்பால் இழுத்துப் பாருங்கள். அது நின்ற பிறகு மீதிச் சுவருக்கு ஆள் சொல்லுங்கள். சாரம் பிரிப்பதற்குள் இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள், மறுபடி சாரம் கட்டுகிற செலவு பிரைமர் செலவைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.