காசு கொடுக்காமல் பிடிஎஃப்களை ஒன்றாக்குவது: கேள்வி பதில்

கோலாலம்பூரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணியாக இருக்கிறேன். நீதிமன்றத்துக்குப் போகும் ஆவணக் கட்டுகளைப் பக்கம் மாறாமல் சேர்த்து ஒரே பிடிஎஃப் ஆக்குவது என் அன்றாட வேலை. பல கோப்புகளை ஒன்றாக்குவது பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எல்லாம் இலவச வழிகள்தான்.

செந்தூல் வாசகி: அக்கா, மகனின் உபகாரச் சம்பள விண்ணப்பத்துக்கு ஐசி (அடையாள அட்டை), பிறப்புப் பத்திரம், எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) சான்றிதழ், என் சம்பளச் சீட்டு எல்லாம் ஒரே பிடிஎஃப்பாக வேண்டுமாம். என்னிடம் ஆண்ட்ராய்டு கைப்பேசி மட்டும்தான் இருக்கிறது.

தாள்கள் கையில் இருந்தால் இணைக்கும் வேலையே வராது. கூகுள் டிரைவில் ஸ்கேன் வசதி இருக்கிறது. முதல் தாளை எடுத்ததும் சேமித்துவிடாதீர்கள். அடுத்த பக்கம் சேர்க்கும் குறியை அழுத்தி, வரிசையாக எல்லாத் தாளையும் எடுத்துவிட்டு, கடைசியில் ஒரே தடவையாகச் சேமியுங்கள். மொத்தமும் ஒரே பிடிஎஃப்பாக வந்துவிடும்.

ஐசியின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே பக்கத்தில் வேண்டும் என்று பல இடங்களில் கேட்பார்கள். போட்டோஸ்டேட் கடையில் இரண்டையும் ஒரே தாளில் எடுத்து, அந்தத் தாளை ஸ்கேன் செய்யுங்கள். அப்புறம் ஒன்று: சான்றிதழைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தெளிவு குறைந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

பாயான் லெப்பாஸ் அன்பர்: ஐபோனில் ஏற்கெனவே நாலைந்து பிடிஎஃப் இருக்கிறது. ஆப் ஏதாவது வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஃபைல்ஸ் ஆப்பில் அவற்றைத் தேர்ந்தெடுத்து, மூன்று புள்ளி மெனுவில் 'கிரியேட் பிடிஎஃப்' அழுத்துங்கள். மூலக் கோப்புகள் அப்படியே இருக்கும், புதிதாக ஒன்று வரும். மேக் கணினி என்றால் பிரிவியூவில் ஒரு பிடிஎஃப்பைத் திறந்து, பக்கவாட்டில் தெரியும் சிறு படங்களுக்கு நடுவே இன்னொன்றை இழுத்துப் போட்டால் போதும்.

பட்டர்வொர்த் அன்பர்: அக்கா, கூகுளில் தேடினால் உடனே இணைத்துத் தரும் இணையதளங்கள் நிறைய வருகின்றன. பயன்படுத்தலாமா? எல்லாரும் செய்கிறார்களே.

என்ன ஆவணம் என்பதைப் பொறுத்தது தம்பி. ஐலவ்பிடிஎஃப், ஸ்மால்பிடிஎஃப் போன்ற பெயர்பெற்ற தளங்கள், ஏற்றிய கோப்பைச் சிறிது நேரத்தில் அழித்துவிடுவதாகச் சொல்கின்றன. பள்ளி விளையாட்டுப் போட்டி அறிவிப்பையும் திருவிழா நிகழ்ச்சி நிரலையும் அங்கே இணைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஐசி, வங்கிக் கணக்கு அறிக்கை, மருத்துவ அறிக்கை, வீட்டுப் பத்திரம் இவற்றை நான் எந்தத் தளத்திலும் ஏற்ற மாட்டேன், ஏற்றச் சொல்லவும் மாட்டேன். ஐசி எண்ணும் முகவரியும் சம்பளமும் கையொப்பமும் ஒரே கோப்பில் இருந்தால், உங்கள் பெயரில் கடன் கேட்க நினைக்கிறவனுக்கு அது போதும்.

இன்னொரு ஆபத்து போலித் தளங்கள். இலவசமாகக் கோப்பு மாற்றித் தருகிறோம், படங்களை இணைத்துத் தருகிறோம் என்று சொல்லிக் கணினியில் தீங்கு நிரலை ஏற்றுகிறார்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ டென்வர் அலுவலகம் 2025 மார்ச்சில் எச்சரித்தது. பிடிஎஃப் இணைக்கப் போன இடத்தில் எதையாவது இறக்கி நிறுவச் சொன்னால், ஜன்னலை மூடிவிடுங்கள். உங்கள் கணினியிலேயே வேலை முடியும்போது வெளியே அனுப்புவது எதற்கு?

ஜார்ஜ்டவுன் வாசகி: சரி, விண்டோஸ் கணினியிலேயே எப்படிச் செய்வது?

படங்களுக்கு ஒரு வழி, பிடிஎஃப்களுக்கு வேறு வழி. படங்கள் என்றால் விண்டோஸ் 10 முதல் உள்ளேயே வசதி இருக்கிறது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, வலது கிளிக்கில் 'பிரிண்ட்' கொடுத்து, பிரிண்டராக 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

பிடிஎஃப்களுக்கு நான் சிபாரிசு செய்வது பிடிஎஃப்சாம் பேசிக். இலவசம், திறந்த மூல மென்பொருள், இணையம் இல்லாமலே இயங்கும். அதே தளத்தில் காசுக்கு விற்கும் பதிப்புகளும் இருக்கும், 'பேசிக்' என்று இருப்பதை மட்டும் எடுங்கள். அதில் 'மெர்ஜ்' பகுதியைத் திறந்து, கோப்புகளை இழுத்துப் போட்டு, மேலும் கீழும் நகர்த்தி வரிசைப்படுத்துங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு புக்மார்க் (அழுத்தினால் அந்த இடத்துக்கே போகும் தலைப்பு) போடச் சொல்லலாம். நூறு பக்கம் தாண்டிய கட்டில் இது இல்லாவிட்டால், படிக்கிறவர் தேடியே களைத்துவிடுவார். பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையாக முடிந்தால் ஒரு வெற்றுப் பக்கம் சேர்க்கும் வசதியும் இருக்கிறது. இரு பக்கமும் அச்சிடும்போது, புதிய ஆவணம் பழையதன் முதுகில் வந்து விழாது.

கிள்ளான் சாலை அன்பர்: வரிசை எப்போதும் குழம்புகிறது. 1-க்குப் பிறகு 10 வருகிறது.

01, 02 என்று பெயர் வையுங்கள். தீர்ந்தது.

பங்சார் வாசகர்: அடோபி ரீடரில் இணைக்கப் போனால் சந்தா கேட்கிறது. மற்றவர்கள் எப்படி இலவசமாகத் தருகிறார்கள்? சட்டப்படி சரிதானா?

முழுக்கச் சரி. பிடிஎஃப்பை அடோபி 1993-இல் கொண்டுவந்தது. 2008-இல் அது ஐஎஸ்ஓ என்ற அனைத்துலகத் தர அமைப்பின் பொதுத் தரமாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் அதற்கு மென்பொருள் எழுதலாம். சந்தா அடோபியின் மென்பொருளுக்குத்தான், பிடிஎஃப்புக்கு அல்ல.

செராஸ் வாசகி: வங்கி அறிக்கைகள் கடவுச்சொல்லோடு வருகின்றன. இணைக்க முடியவில்லை.

உங்கள் சொந்த அறிக்கைதானே? குரோமில் திறந்து கடவுச்சொல் கொடுங்கள். பிறகு பிரிண்ட் போய், பிரிண்டர் இடத்தில் 'சேவ் அஸ் பிடிஎஃப்' தேர்ந்தெடுத்துச் சேமித்தால், பூட்டில்லாத பிரதி கிடைக்கும். வேலை முடிந்ததும் அந்தப் பிரதிகளை அழித்துவிடுங்கள்.

பினாங்கு, ஒரு சங்கத்தின் செயலாளர்: பழைய ஆண்டுப் பொதுக்கூட்டக் குறிப்புகள் வேர்டு கோப்புகளாக இருக்கின்றன. யூனிகோடுக்கு (இப்போது எல்லாக் கணினியிலும் உள்ள பொது எழுத்து முறைக்கு) முந்திய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. புதுக் கணினியில் திறந்தால் தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகள்தான். எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கிப் பாதுகாக்க ஆசை. வழி உண்டா அம்மா?

உண்டு ஐயா, ஆனால் தள்ளிப்போடாதீர்கள். அந்தப் பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவம் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இருக்கிற கணினியில் தமிழ் தெரியும், இல்லாத கணினியில் அடியில் இருப்பது தெரிந்துவிடும். எனவே இணைப்பதற்கு முன்பே, அந்த எழுத்துரு உள்ள கணினியில் ஒவ்வொரு கோப்பையும் திறந்து பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். சேமித்ததை அடோபி ரீடரில் திறந்து, 'பிராப்பர்டீஸ்' உள்ளே 'ஃபாண்ட்ஸ்' பாருங்கள். எழுத்துருவின் பெயருக்குப் பக்கத்தில் 'எம்பெடட்' என்று இருந்தால் எழுத்துரு கோப்புக்குள்ளேயே போய்விட்டது, இனி எங்கே திறந்தாலும் தமிழாகவே தெரியும். அதற்கப்புறம் பிடிஎஃப்களை இணையுங்கள். வேர்டிலேயே ஒட்டிச் சேர்க்க முயன்றால் பத்திகளும் அட்டவணைகளும் கலைந்து போகும்.

அந்த மூல வேர்டு கோப்புகளையும் எழுத்துருக் கோப்பையும் தூக்கிப் போடாதீர்கள். பின்னாளில் யாராவது யூனிகோடுக்கு மாற்ற முன்வந்தால் அவை தேவைப்படும். பழைய கணினியே போய்விட்டது என்றால், அச்சுப்பிரதியைத் தேடி ஸ்கேன் செய்யுங்கள். சங்கப் பதிவகத்துக்கு ஆண்டறிக்கையைக் கூட்டம் நடந்த 60 நாளுக்குள் அனுப்ப வேண்டியிருப்பதால், இந்த ஆண்டுக் குறிப்பை எல்லாரும் கவனிக்கிறார்கள். நம் முன்னோர் எழுதி வைத்த பழைய குறிப்புகளைக் கவனிக்க உங்களைப் போல ஒருவர் இருப்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

மஸ்ஜித் இந்தியா, கணக்காளர்: டிஜிட்டல் கையொப்பமிட்ட இரண்டு ஒப்பந்தங்களை இணைத்தேன். இப்போது கையொப்பம் செல்லாததாகிவிட்டது.

அந்தக் கையொப்பம் அந்தக் கோப்புக்கு வைத்த முத்திரை. பக்கம் சேர்ந்தால் உடைந்துவிடும். இணைத்துவிட்டுக் கையொப்பமிடுங்கள். ஏற்கெனவே கையொப்பமிட்டவற்றைத் தனித்தனியாக அனுப்புங்கள்.

ஈப்போ ரோடு வாசகர்: இணைத்த கோப்பு மின்னஞ்சலில் போக மறுக்கிறது.

ஜிமெயிலில் இணைப்புக்கு 25 எம்பி வரைதான் இடம். பெரும்பாலும் குற்றவாளி வண்ண ஸ்கேன். வெறும் எழுத்துள்ள தாளைச் சாம்பல் நிறத்தில் 150 அல்லது 200 டிபிஐயில் (ஸ்கேனரில் தெளிவைக் குறிக்கும் எண்) மறுபடி ஸ்கேன் செய்தால் அளவு வெகுவாகக் குறையும். இணைத்த பிறகு மொத்தமாகச் சுருக்குவதைவிட இதுவே நல்லது. சுருக்கினால் முத்திரையும் சிறு எழுத்தும்தான் முதலில் மங்கும்.

பிறை, தமிழ்ப்பள்ளி ஆசிரியை: பள்ளியின் பழைய ஆண்டுமலரை ஸ்கேன் செய்கிறோம். இயந்திரம் ஒரு பக்கம்தான் எடுக்கும். ஒற்றைப்படைப் பக்கங்கள் ஒரு கோப்பு, கட்டைத் திருப்பிப் போட்டு எடுத்த இரட்டைப்படைப் பக்கங்கள் இன்னொரு கோப்பு. ஒவ்வொன்றாக நுழைக்க வேண்டுமா?

வேண்டாம் டீச்சர். பிடிஎஃப்சாம் பேசிக்கில் 'ஆல்டர்னேட் மிக்ஸ்' என்று ஒரு பகுதி உண்டு. ஒற்றைப்படைக் கோப்பை முதலில் போடுங்கள். இரட்டைப்படைக் கோப்பு கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குவதால் அதற்கு மட்டும் 'ரிவர்ஸ்' குறியிடுங்கள். ஒன்று விட்டு ஒன்றாகக் கோத்து, மலரின் வரிசையிலேயே தந்துவிடும். தொடங்கும் முன் இரண்டு கோப்பிலும் பக்க எண்ணிக்கை ஒன்றுதானா என்று பாருங்கள். ஸ்கேனர் எங்காவது இரண்டு தாளைச் சேர்த்து இழுத்திருந்தால், அங்கிருந்து எல்லாப் பக்கமும் ஒன்று தள்ளிப் போய்விடும்.