அப்பாவுக்கு எம்.எஸ்., மகளுக்கும் வருமா?

கேள்வி: டாக்டர், நாங்கள் டொரன்டோவில் இருக்கிறோம். என் கணவருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.), அதாவது உடலின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய். 9 வயது மகளுக்கும் வந்துவிடுமோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. மரபணுப் பரிசோதனை செய்து பார்த்துவிடலாமா? மாமியார் வேறு, தடுப்பூசிதான் காரணம் என்கிறார்.

பதில்: பரிசோதனை வேண்டாம். எச்.எல்.ஏ. டி.ஆர்.பி.1*15:01 என்ற மரபணு வகை இருந்தால் எம்.எஸ். வரும் ஆபத்து ஏறக்குறைய 3 மடங்கு, குழந்தைகளிலும் அப்படித்தான். ஆனால் அது இருக்கும் பெரும்பாலானோருக்கு நோய் வருவதே இல்லை, இல்லாதவர்களுக்கும் வருகிறது. ஆகவே ரிசல்ட் எப்படி வந்தாலும் செய்ய வேண்டியது மாறாது, உங்கள் தூக்கம்தான் இன்னும் கெடும். ஒரே கருமுட்டையிலிருந்து பிரிந்த இரட்டையரிலேயே ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது நாலில் ஒரு பங்கு அளவுதான். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்தே 100க்கு 2 அல்லது 3 என்கிறார்கள், அதிலும் 18 வயதுக்குள் தொடங்குவது மிகக் குறைவு.

மீதி, சூழல். எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றியவர்களுக்கு ஆபத்து 32 மடங்கு என்று, அமெரிக்க ராணுவத்தினர் 1 கோடிப் பேருக்கு மேல் வைத்துப் பார்த்த ஆய்வு 2022இல் காட்டியது. பயந்துவிடாதீர்கள்: பெரியவர்களாவதற்குள் 100க்கு 95 பேரைத் தொற்றும் வைரஸ் அது, எச்சிலில் பரவுவது, அதற்குத் தடுப்பூசியும் இன்னும் வரவில்லை. டம்ளரைத் தனியாக எடுத்துவைத்தெல்லாம் பயனில்லை.

வீட்டில் யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா? பிரான்சில் நடந்த ஆய்வில், பெற்றோர் புகைக்கும் வீட்டுக் குழந்தைகளுக்கு ஆபத்து 2 மடங்காக இருந்தது. கணவர் புகைப்பவராக இருந்தால் அவருடைய நோயும் வேகமாக முற்றும், நிறுத்தச் சொல்ல இதைவிட வேறு காரணம் வேண்டாம். அடுத்து எடை: பருவமடையும் வயதில் உடல் பருமன், குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, ஆபத்தைக் கூட்டுகிறது. அப்புறம் வைட்டமின் டி. நம் தோல் நிறத்துக்கு டொரன்டோ குளிர்கால வெயில் போதவே போதாது. இந்த வயதுக்குத் தினமும் 600 ஐ.யு. (வைட்டமினை அளக்கும் அலகு) தேவை, பாலும் மீனும் போதாவிட்டால் டாக்டரிடம் கேட்டு மாத்திரை கொடுங்கள். கூடக் கொடுத்தால் கூடுதல் பாதுகாப்பு என்று அளவை ஏற்றாதீர்கள்.

மாமியாரிடம் சொல்லுங்கள், தடுப்பூசிக்கும் இதற்கும் தொடர்பு என்பதை ஆய்வுகள் காட்டவில்லை. மகளுக்குப் போட வேண்டிய தடுப்பூசிகளை எல்லாம் போடுங்கள்.

ஒரு கண்ணில் வலியோடு பார்வை மங்கினாலோ, கைகால் மரத்துப்போய் ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, நடை தள்ளாடினாலோ உடனே காட்டுங்கள், அப்பாவுக்கு எம்.எஸ். இருப்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.