படுக்கையில் எடுத்த படமா, நிற்க வைத்து எடுத்த படமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் கணினிப் பொறியியலில் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். மருத்துவ ஆய்வுகளைப் பற்றி நீங்கள் எழுதும் கட்டுரைகளை விடாமல் வாசித்து வருகிறேன். மார்பு எக்ஸ்ரே படத்தைப் பார்த்து நிமோனியா இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் ஆழ்கற்றல் மாதிரி (படங்களிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் கணினி நிரல்) ஒன்றை உருவாக்குவது என் ஆய்வுத்திட்டம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் படத் தொகுப்புகளைப் பயன்படுத்தினேன். நோயுள்ள படங்கள் பெரும்பாலும் ஒரு தொகுப்பிலிருந்தும், நோயில்லாத படங்கள் வேறொரு தொகுப்பிலிருந்தும் எடுத்தவை. சோதனையில் 98 சதவீதத் துல்லியம் கிடைத்தது. என் வழிகாட்டி மிகவும் மகிழ்ந்து, கட்டுரையாக எழுதி ஆய்விதழுக்கு அனுப்பச் சொன்னார்.

என் சித்தி பல ஆண்டுகளாக எக்ஸ்ரே எடுக்கும் பணியில் இருக்கிறார். ஆசையாக அவரிடம் காட்டினேன். நாலைந்து படங்களைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் படுக்கையில வச்சு எடுத்ததா, நிக்க வச்சு எடுத்ததா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "இது சின்னக் குழந்தையோட படம், அது பெரியவங்களோடது. ரெண்டையும் ஏன் கலந்து வச்சிருக்க?" என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. அன்று முதல் அந்த 98 என்ற எண்ணைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மருத்துவரைக் கணினி விஞ்சிவிட்டதாக வாரந்தோறும் செய்தி வருகிறது. சித்தி வேலை பார்க்கும் இடத்துக்கு அப்படி எதுவும் வந்து சேர்ந்ததில்லை. இந்த ஆய்வுகள் எல்லாம் பொய்யா? நான் செய்ததற்கு ஆய்வு என்று பெயரா? கட்டுரையை அனுப்பலாமா?

அன்புடன்,
ந.

அன்புள்ள ந.,

உங்கள் கடிதத்தின் மிக முக்கியமான வரி சித்தி கேட்ட கேள்விதான் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நிற்க முடிந்த நோயாளியை, மார்பு பலகையில் பதியும்படி நிறுத்தி, முதுகுப் பக்கமிருந்து கதிரைச் செலுத்திப் படம் எடுப்பார்கள். எழுந்து நிற்க முடியாதவருக்கு, நகர்த்தும் கருவியைக் கட்டிலருகே தள்ளிக்கொண்டு வந்து, முதுகுக்கடியில் தட்டை வைத்து, முன்பக்கமிருந்து எடுப்பார்கள். இந்த இரண்டாவது வகைப் படத்தில் இதயம் தட்டிலிருந்து தள்ளியிருப்பதால் அதன் நிழல் பெரிதாக விழும். தோள்பட்டை எலும்புகள் நுரையீரலின் மேல் வந்து படியும். உங்கள் சித்திக்குப் பார்த்த மாத்திரத்தில் இது தெரியும். உங்கள் மாதிரிக்கும் தெரியும் என்பதுதான் சிக்கல். கட்டிலை விட்டு எழ முடியாதவருக்கு நோய் முற்றியிருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், நுரையீரலைப் பொருட்படுத்தாமலேயே, படுத்திருப்பவர் நோயாளி என்று சொல்லி ஒரு மாதிரி நல்ல மதிப்பெண் வாங்கிவிட முடியும்.

இது என் ஊகம் இல்லை. 2018இல் ஜான் ஜெக் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் மூன்று நிறுவனங்களின் 1,58,323 மார்பு எக்ஸ்ரே படங்களைக் கொண்டு செய்த ஆய்வு பிளாஸ் மெடிசின் இதழில் வெளிவந்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனைப் படங்களில் 34 சதவீதத்தில் நிமோனியா இருந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் தொகுப்பில் அது ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டியது. ஒரு படம் எந்த மருத்துவமனையிலிருந்து வந்தது என்பதை அவர்களுடைய மாதிரி 99.9 சதவீதத்துக்கும் மேல் சரியாகச் சொன்னது. மருத்துவமனை தெரிந்துவிட்டால், நோய் இருக்குமா என்ற கேள்விக்கு ஏறக்குறைய விடை தெரிந்ததுபோலத்தான். அவர்களுடைய மாதிரி, படத்தின் எந்தப் பகுதியைப் பார்த்து முடிவெடுக்கிறது என்று தேடியபோது, இடப்பக்கம் வலப்பக்கம் குறிக்க எக்ஸ்ரே எடுப்பவர் மூலையில் வைக்கும் உலோக எழுத்தின் மேல் அதன் கவனம் குவிந்திருந்தது. ஒவ்வொரு மருத்துவமனையும் அந்த எழுத்தைத் தனக்கென்று ஒரு விதத்தில் வைக்கிறது. எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்க நிற்பவரின் கைப்பழக்கத்தைக் கணினி கற்றுக்கொண்டுவிட்டது; நோயைக் கற்றுக்கொண்டதாக நாம் நினைத்துக்கொண்டோம்.

குழந்தைப் படங்களைச் சித்தி கண்டுபிடித்ததும் அதே அளவு கூர்மையானது. கொரோனா காலத்தில் எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் படங்களிலிருந்து நோயைக் கண்டறிவதாகச் சொன்ன ஆய்வுகளைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் தலைமையிலான குழு ஒன்று திரட்டி மதிப்பிட்டு 2021இல் வெளியிட்டது. முதலில் கிடைத்தவை 2,212. தரம் பார்த்துக் கழித்த பிறகு மிஞ்சியவை 62. அந்த 62இல் நோயாளிக்குப் பயன்படுத்தத் தக்கது ஒன்றுகூட இல்லை என்று முடித்தார்கள். அவர்கள் சுட்டிக்காட்டிய குறைகளில் ஒன்று, ஒன்று முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தைகளின் நிமோனியா படத் தொகுப்பைப் பெரியவர்களின் கொரோனா படங்களோடு ஒப்பிட்டது. குழந்தையையும் பெரியவரையும் பிரிக்கத் தெரிந்த மாதிரிக்கு நோயைக் கண்டறிந்த பெருமை கிடைத்தது. உங்களிடம் இருப்பதும் அதே தொகுப்பாக இருக்கக்கூடும், சரிபாருங்கள்.

ஆக, இவையெல்லாம் பொய்யா என்ற கேள்விக்கு வருகிறேன். காசுக்குக் கட்டுரை தயாரித்துத் தரும் ஆலைகள் இருக்கின்றன என்பது உண்மை. 2023இல் மட்டும் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக்கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. ஆனால் உங்களைக் கலங்க வைப்பது அது இல்லை. நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. உங்கள் 98 சதவீதம், அது அளக்கப்பட்ட இடத்தில் உண்மையான எண். ஒரு எண்ணை அளந்த இடத்திலிருந்து பெயர்த்தெடுத்து இன்னோர் இடத்தில் வைக்கும்போதுதான் அது பொய்யாகிறது. செய்தித்தாள்கள் செய்வதும், பல கட்டுரைகளின் கடைசிப் பத்தி செய்வதும் இந்தப் பெயர்த்தெடுப்பைத்தான்.

எனக்கு இது புரிந்தது படிப்பால் அல்ல. என் தாயார் ஒருமுறை மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் இருந்தபோது, விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 93 என்று காட்டியது. நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்த செவிலியர் அதைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் விரல்களைத் தம் உள்ளங்கைகளுக்குள் வைத்துச் சூடேறும்வரை தேய்த்தார். கருவியை மறு கையில் மாட்டினார். உதட்டின் நிறத்தைப் பார்த்தார். மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணினார். பிறகு, தமனியிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் சொல்லப் போனார். குளிர்ந்த விரலில் ரத்த ஓட்டம் குறைந்திருந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தச் சிறிய கருவியின் கதையை அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி 1970களின் தொடக்கத்தில் அதன் அடிப்படைத் தத்துவத்தைக் கண்டறிந்தார். சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி இரண்டையும் விரலுக்குள் செலுத்தி, நாடித் துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, இரண்டும் எந்த விகிதத்தில் உறிஞ்சப்படுகின்றன என்று பார்க்கிறது கருவி. அந்த விகிதத்தை ஆக்ஸிஜன் அளவாக மாற்றக் கருவிக்குள் ஓர் அட்டவணை வேண்டும். ஆரோக்கியமான தன்னார்வலர்களைக் குறைந்த ஆக்ஸிஜன் கலந்த காற்றைச் சுவாசிக்க வைத்து, அவர்கள் ரத்தத்தை நேரடியாகச் சோதித்துத் தயாரிக்கும் அட்டவணை அது. கருவி சரியாகக் காட்டுகிறதா என்று இதே முறையில் சோதிக்க, அமெரிக்காவில் மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் எஃப்.டி.ஏ. 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி பத்துப் பேர் போதும். அவர்களில் கருத்த தோலுடையவர்கள் குறைந்தது இரண்டு பேர், அல்லது மொத்தத்தில் 15 சதவீதம். கருத்த தோலில் கருவி தவறுகிறது என்று 1990லேயே ஓர் ஆய்வு சொல்லியிருந்தது. 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், உண்மையில் ஆக்ஸிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். கருவியின் மின்னணுவியலில் குற்றமில்லை. அட்டவணை யாருடைய விரலில் தயாரானது என்று கேட்காமல் எல்லா விரலிலும் மாட்டினோம். 1990க்கும் 2020க்கும் நடுவில் முப்பது ஆண்டுகள் போனதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

சித்தி வேலை பார்க்கும் இடத்துக்கு ஏன் எதுவும் வந்து சேரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். சர்க்கரை நோயாளிகளின் விழித்திரைப் படத்தைப் பார்த்துப் பாதிப்பைச் சொல்லும் கூகுள் ஆய்வாளர்களின் மாதிரி, 2016இல் ஜாமா இதழில் வந்தபோது பெரும் பரபரப்பு ஏற்பட்டது. 1,28,175 படங்கள், அவற்றைத் தரம் பிரித்த 54 கண் மருத்துவர்கள் என்று மிகக் கவனமாகச் செய்த வேலை அது. பிறகு அதே நிறுவனத்தின் இன்னொரு குழு தாய்லாந்தில் 11 மருத்துவ நிலையங்களுக்குப் போய், செவிலியர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, அது எப்படி நடக்கிறது என்று பார்த்து 2020இல் எழுதியது. பல இடங்களில் படம் எடுக்கும் அறையில் வேறு வேலைகளும் நடந்ததால் விளக்கை அணைத்து இருட்டாக்க முடியவில்லை. மங்கலாக விழுந்த படங்களை, தரம் போதாது என்று கணினி திருப்பி அனுப்பியது. எடுத்தவற்றில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் இப்படித் திரும்பின. தாம் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடக்கூடிய படத்தைக்கூடக் கணினி மறுக்கிறதே என்று செவிலியர்கள் ஆதங்கப்பட்டார்கள். இணையம் மெதுவான இடங்களில் வரிசை நகரவில்லை. வேறு ஊருக்குப் போய் நிபுணரைப் பார்க்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டுமே என்று நோயாளிகள் தயங்கினார்கள். 2016 கட்டுரையை ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், இந்த இரண்டாவது கட்டுரையை உங்கள் துறை மாணவர்கள் அத்தனை பேரும் முதலில் படிக்க வேண்டும் என்பேன். தம் நிறுவனத்தின் கருவி எங்கே தடுமாறியது என்று எழுத அந்தக் குழுவுக்கு நேர்மை வேண்டியிருந்தது.

சரியான இடத்தில் அளந்த ஆய்வுகளும் இருக்கின்றன என்பதைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு நான் அநீதி செய்தவனாவேன். புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் கணினி நிரலான ஆல்ஃபாஃபோல்டை உலகம் நம்பியதற்குக் காரணம் அதன் நுட்பம் மட்டும் அல்ல. 1994 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் காஸ்ப் என்ற போட்டியில், ஆய்வகத்தில் வடிவம் கண்டறியப்பட்டு இன்னும் வெளியாகாத புரதங்களைத்தான் கேள்வியாகக் கொடுப்பார்கள். விடை போட்டியாளர் யார் கையிலும் கிடையாது, காப்பியடிக்க வழியில்லை. அந்தத் தேர்வில் 2020இல் அது தேறியது, 2024இல் அதை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும் வேதியியல் நோபலில் பாதியைப் பகிர்ந்துகொண்டார்கள். மருத்துவத்தில் ஸ்வீடனின் மசாய் சோதனையைச் சொல்வேன். மார்பகப் பரிசோதனைக்கு வந்த பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவின் படங்களை வழக்கம்போல இரண்டு மருத்துவர்கள் பார்த்தார்கள். மறு பிரிவில் கணினி ஆபத்து மிகுந்ததாகக் குறித்த படங்களை இருவரும், மற்றவற்றை ஒருவரும் பார்த்தார்கள். 80,033 பெண்களைக் கொண்டு 2023இல் வெளியான முதல் முடிவின்படி, ஆயிரத்துக்கு 5.1 என்றிருந்த புற்றுநோய்க் கண்டறிதல் 6.1 ஆனது, படம் பார்க்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. அதிகம் கண்டறிவதோடு ஆய்வாளர்கள் நிற்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் நடுவில் தலைகாட்டும் புற்றுநோய்கள் குறைகின்றனவா என்பதைத்தான் தங்கள் மையக் கேள்வியாக முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். நோயாளியின் வாழ்க்கையில் மாறுவது அதுதானே.

எண்ணிக்கை பெரிதாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. தசைகளை இயக்கும் நரம்புகளைச் சிதைக்கும் ஏஎல்எஸ் நோயால் பேச்சு குழறிப்போன ஒரே ஒரு மனிதரின் மூளையில் 256 மின்முனைகளைப் பொருத்தி, அவர் சொல்ல முயல்வதைக் குரலாக மாற்றிய கலிஃபோர்னியா ஆய்வு 2024இல் வெளியானது. சொல்லுக்குச் சொல் 97.5 சதவீதத் துல்லியம். அதை அவர் தம் வீட்டில், தம் குடும்பத்தாரோடு பேசப் பயன்படுத்தினார். அந்த எண் அது பயன்பட வேண்டிய இடத்திலேயே அளந்த எண்.

இனி உங்கள் ஆய்வு. கட்டுரையை இப்போது அனுப்பாதீர்கள். முதலில், ஒவ்வொரு படத்திலும் நுரையீரல் இருக்கும் நடுப்பகுதியைக் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்துவிட்டு, மாதிரியை மறுபடி பயிற்றுவித்துப் பாருங்கள். இத்தாலியின் பதுவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2020இல் கொரோனா படங்களில் இதைச் செய்தார்கள்; நுரையீரலே தெரியாத படங்களிலிருந்தும் மாதிரி விடையைச் சரியாகச் சொன்னது. உங்களுடையதும் அப்படிச் சொன்னால், அது ஓரங்களையும் மூலைகளையும் படிக்கிறது என்று பொருள். அடுத்து, நோயைக் கேட்காமல், படம் எந்தத் தொகுப்பிலிருந்து வந்தது என்று மட்டும் கேளுங்கள். ஒரே நோயாளியின் படங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்திருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். குழந்தைப் படங்களை நீக்குங்கள். கடைசியாக, நீங்கள் தொடாத மூன்றாவது தொகுப்பு ஒன்றில் ஓட்டிப் பாருங்கள். 98 என்பது 70க்குக் கீழே இறங்கினாலும் பயப்படாதீர்கள். 98 எப்படி 70 ஆனது என்று படிப்படியாகக் காட்டும் கட்டுரையை நான் ஆவலோடு படிப்பேன். உங்கள் வழிகாட்டியிடமும் இதையே சொல்லுங்கள்.

அதற்கு ஒரு வேலை மிச்சம் இருக்கும். படங்களில் ஒரு ஐந்நூறை எடுத்து, எது படுக்கையில் எடுத்தது, எது நிற்க வைத்து எடுத்தது என்று பிரிக்க வேண்டும். உங்கள் சித்தியால் அது முடியும். அவர் பிரித்துத் தந்து, எப்படிக் கண்டுகொண்டார் என்பதையும் சொல்லி, எழுதி முடித்ததைப் படித்துத் திருத்தியும் தருவாரானால், அவர் பெயரை நன்றியுரையில் போடாதீர்கள். ஆசிரியர் பட்டியலில், உங்கள் பெயருக்கு அடுத்ததாகப் போடுங்கள்.

அன்புடன்.