குதிகாலில் ஒரு தடிப்பு

உங்கள் கடிதத்தில் கேட்டிருக்கும் படபடப்பு, விரல் மரத்துப்போவது, முட்டை சாப்பிடலாமா என்பதெல்லாம் இருக்கட்டும். அவற்றை மருத்துவரிடம் நேரில் கேட்டுக்கொள்ளலாம். மஞ்சக்குப்பத்திலிருந்து இவ்வளவு நீளமாக நீங்கள் எழுதியதற்குக் காரணம் வேறு. அப்பா 42 வயதில் மாரடைப்பில் இறந்துவிட்டார், உங்களுக்கு இப்போது 36.

இரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பு 238 வந்ததும், மருத்துவமனைக் கணினி ‘பரம்பரைக் கொலஸ்ட்ராலாக இருக்கலாம்’ என்று உங்கள் பெயரில் குறி போட்டிருக்கிறது. ஒல்லியான என்னைப் பார்க்காமலே மெஷின் எப்படிச் சொல்லும் என்று கேட்கிறீர்கள். அது நோயை உறுதி செய்யவில்லை. ஆயிரக்கணக்கான பதிவுகளைத் துழாவி, எல்.டி.எல். 190-ஐத் தாண்டியவர், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உள்ளவர் என்று பொறுக்கி, ‘இவரைக் கூப்பிட்டுப் பாருங்கள்’ என்கிறது. ஓ.பி. கூட்டத்தில் எங்கள் கண்ணுக்குத் தப்பிவிடும் எண்கள் இவை. தைராய்டு குறைந்தாலும் இந்த அளவு ஏறும் என்பதால், எது காரணம் என்று பிரித்துப் பார்ப்பது மருத்துவரின் வேலை. ஒல்லியாக இருப்பது இதில் கணக்கே இல்லை. கெட்ட கொழுப்பை இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் திறன் சிலரின் ஈரலுக்குப் பிறவியிலேயே குறைவு. சுமார் 250 பேரில் ஒருவருக்கு அப்படி.

கணினிக்குத் தெரியாத ஒன்றைக் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: குதிகாலுக்கு மேலே பின்பக்க நாண் தடித்து முடிச்சாக இருக்கிறது, அப்பாவுக்கும் இருந்தது, செருப்பு உரசியதாக இருக்கும் என்று. அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். தசைநாணில் கொழுப்பு படிந்தால் அப்படித்தான் தடிக்கும். இந்த நோயின் முக்கியமான அடையாளம் அது. இந்த வாரமே கடலூர் அரசு மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ போய்க் காலைக் காட்டுங்கள்.

நீங்களோ ஈரல் கெட்டுவிடும் என்று வீடியோ பார்த்துவிட்டு, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்தி, வெறும் வயிற்றில் பூண்டு தின்கிறீர்கள். கோபம் வருகிறது. பூண்டு 238-ஐ இறக்காது. ஸ்டாட்டினால் ஈரல் கடுமையாகக் கெடுவது மிக அரிது. இரத்தப் பரிசோதனையில் அதைக் கவனித்துக்கொள்ளலாம். தசை வலித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாத்திரையை மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அப்புறம், உங்கள் இரண்டு பிள்ளைகள். உங்களுக்கு இது உறுதியானால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒரு இரத்தப் பரிசோதனை போதும். ஒன்பது வயது மகனுக்குத் தேவைப்பட்டால் இப்போதே சிகிச்சை தொடங்கலாம். பண்ருட்டியில் கர்ப்பமாக இருக்கும் தங்கைக்கும் சொல்லுங்கள். கர்ப்பத்தில் கொலஸ்ட்ரால் இயல்பாகவே ஏறும். அதனால் அவர் பிரசவமாகிச் சில மாதங்கள் கழித்துப் பரிசோதித்துக்கொள்ளட்டும். உங்கள் மாத்திரையை மட்டும் அவருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.