வீட்டுக் குறிப்பு கேள்வி பதில்: ஆலிவ் ஆயிலை எங்க தடவலாம், எங்க கூடாது

இந்த தடவை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஆலிவ் ஆயில் பத்திதான். சமையலுக்கு இல்ல, வீடு துடைக்கறதுக்கு. அதனால எல்லாத்தையும் சேத்து ஒரே இடத்துல எழுதிடறேன்.

கேள்வி: அக்கா வணக்கம், நாங்க குன்னூர். மாமியார் காலத்து ஈட்டி மர அலமாரி ஒண்ணு இருக்கு. ஒரு வீடியோ பாத்துட்டு ஆலிவ் ஆயில்ல வினிகர் கலந்து தேய்ச்சேன், அன்னிக்கு கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சு. இப்ப மூணு மாசம் ஆச்சு, தொட்டா பிசுபிசுன்னு ஒட்டுது, கதவைத் திறந்தா பழைய எண்ணெய் வாடை, பின்பக்கம் சாம்பல் கலர்ல பூசணம். மரமே கெட்டுப்போச்சாக்கா?

பதில்: மரம் கெடலங்க, பயப்படாதீங்க. மேல படிஞ்சிருக்கறதுதான் பிரச்சனை, அதை எடுத்துடலாம்.

ஏன் இப்படி ஆச்சுன்னா, ஆலிவ் ஆயில் காயாத எண்ணெய். ஆளி விதை எண்ணெய் மாதிரி சிலது காத்து பட்டா இறுகி தோல் மாதிரி ஆயிடும், அதனாலதான் ஆசாரிங்க அதை மரத்துக்கு எடுக்கறாங்க. எண்ணெய் காயுமா காயாதான்னு பாக்க அயோடின் எண்னு ஒரு கணக்கு இருக்கு, அது கூடுதலா இருந்தாதான் காயும், ஆளி விதை எண்ணெய்க்கு அது 170க்கு மேல, ஆலிவ் ஆயிலுக்கு 75ல இருந்து 94 வரைக்கும்தான், அதனால எத்தனை மாசம் வச்சாலும் இது ஈரமாவேதான் இருக்கும், தூசியை இழுக்கும், மெதுவா சிக்கு வாடை அடிக்க ஆரம்பிக்கும். கீழ சமவெளியிலயும் இதேதான், ஆனா நம்ம மலையில ஜூன்ல ஆரம்பிச்சா டிசம்பர் வரைக்கும் சுவரே வேர்த்துக்கிட்டு நிக்குதே, அந்த ஈரமும் எண்ணெய்ல ஒட்டின தூசியும் சேந்தா பூசணத்துக்கு வேற என்ன வேணும்.

எனக்கு இது நல்லாவே தெரியும், எங்கம்மாவோட தேக்கு பொட்டிக்கு நானே இதை பண்ணிருக்கேன். மூடி மேல விரலை வச்சு இழுத்தா ஒரு கோடு விழும், கோட்டோட நுனியில கம்பளி நூல் துணுக்கெல்லாம் உருண்டு சின்ன உருண்டையா நிக்கும், வருஷம் பூரா ஸ்வெட்டரோட நடமாடற வீடு இல்லையா. அதை சுத்தம் பண்ண ரெண்டு நாள் ஆச்சு, அம்மா பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருந்தாங்க, ஒரு வார்த்தை சொல்லல, எனக்கு அதுதான் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

எடுக்கற விதம் சொல்றேன். வெதுவெதுன்னு தண்ணியில பாத்திரம் கழுவற லிக்விட் ரெண்டு சொட்டு, மெல்லிசு பருத்தி துணியை நனைச்சு நல்லா முறுக்கிப் பிழிஞ்சுக்கணும், சொட்டக்கூடாது. மரத்தோட ரேகை போற திசையிலயே துடைங்க, கொஞ்சம் இடம் துடைச்சதும் உடனே காஞ்ச துணி. ஒரே நாள்ல முடிக்கணும்னு நினைக்காதீங்க. அப்பவும் பிசுக்கு போகலன்னா ஜன்னலைத் திறந்து வச்சுட்டு, அடுப்பு எதுவும் எரியாதப்ப, டர்பன்டைன் துணியில தொட்டு துடைக்கலாம், ஆனா முதல்ல கண்ணுக்குத் தெரியாத மூலையில தேய்ச்சு பாத்துக்கோங்க. ஸ்பிரிட் மட்டும் கிட்டயே கொண்டு போகாதீங்க. அந்தக் காலத்து சாமான் நிறைய அரக்குல போட்ட பிரெஞ்ச் பாலிஷ், அரக்கு ஸ்பிரிட்ல கரையும், மாமியார் காலத்து பாலிஷ் மொத்தமும் துணியோட வந்துடும்.

பூசணத்தை வீட்டுக்குள்ள தட்டாதீங்க, வெளிய வராண்டாவுல வச்சு மூக்கை மூடிக்கிட்டு ஈரத்துணியால துடைச்சு, நிழல்ல காத்தாட காய விடுங்க, நேர் வெயில் வேண்டாம், பலகை வளைஞ்சுடும். திரும்ப வைக்கும்போது சுவரை ஒட்டி வைக்காம நாலு விரல் இடைவெளி விடுங்க. இது ஒண்ணுதான் நம்ம ஊர்ல மர சாமானுக்கு நிஜமான மருந்துன்னு நான் அடிச்சு சொல்வேன்.

பளபளப்பு வேணும்னா தேன்மெழுகு போடுங்க. நம்ம காடுகள்ல குறும்பர், இருளர் மக்கள் மலைத்தேன் எடுக்கறாங்க, அந்த அடையில இருந்து வர்ற மெழுகு கோத்தகிரி பக்கம் கிடைக்கும். மெழுகு 62, 64 டிகிரியிலயே உருகிடும், அதனால நேரா அடுப்புல வைக்காம கொதிச்ச தண்ணிக்குள்ள கிண்ணத்தை வச்சு உருக்கி, அடுப்பை அணைச்சு, வேற ரூமுக்கு எடுத்துட்டு போய் ஒரு பங்கு மெழுகுக்கு மூணு பங்கு டர்பன்டைன் கலக்குங்க. ஆறினதும் வெண்ணெய் மாதிரி வரும். துணியில துளி எடுத்து மெல்லிசா தேய்ச்சு, அரை மணி கழிச்சு நல்லா துடைச்சுடணும். காயற எண்ணெய்தானே, ஆளி விதை எண்ணெயையே போடலாமேன்னு கேட்டா, வேணாம், அது ஊறின துணியை சுருட்டி மூலையில போட்டா தானா சூடேறி தீப்பிடிக்கும். ஆசாரி கையில இருக்கட்டும் அது.

கேள்வி: ஊட்டியில இருக்கோம் மேடம். கதவு கிறீச்சுன்னு கத்துது, பூட்டும் இறுகிடுச்சு. ரெண்டுக்கும் ஆலிவ் ஆயில் விடலாமா? அப்புறம் ஜனவரியில பாட்டிலுக்குள்ள வெள்ளை வெள்ளையா கட்டி நிக்குதே, கலப்படமா?

பதில்: கட்டி நிக்கறது குளிருங்க, கலப்படம் இல்ல. 10 டிகிரிக்கு கீழ போனா அது மங்கலாகி கெட்டியாக ஆரம்பிக்கும். தேங்காண்ணெய் 24 டிகிரியிலயே உறையுதே, நாம வருஷம் பூரா அடுப்போரம் வச்சு உருக்கிட்டுதானே தலைக்கு வைக்கறோம், இதுவும் அந்த மாதிரிதான். உறைஞ்சா ஒரிஜினல், உறையலன்னா போலின்னு சொல்றதையும் நம்பாதீங்க, அதை வச்சு எதுவும் சொல்ல முடியாது.

இப்ப அதே எண்ணெய் கீலுக்குள்ளயும் பூட்டுக்குள்ளயும் இருந்தா என்ன ஆகும்னு யோசிங்க, உறைபனி விழற காலையில அங்கயும் கெட்டியாகும். கீல்ல விட்டா ஒரு வாரம் சத்தம் நிக்கும், அப்புறம் தூசியோட சேந்து கறுப்பு பசையாயிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். பூட்டுக்கு எந்த எண்ணெயும் வேண்டாம், பென்சில் லெட்டை சீவி அந்தப் பொடியை சாவியில தடவி நாலு தடவை போட்டு எடுங்க. மழை காலத்துல மட்டும் கதவு சிக்குதுன்னா அது கீல் இல்ல, பலகை ஈரம் இழுத்து ஊதிருக்கு, விளிம்புல மெழுகுவத்தியைத் தேய்ச்சா போதும்.

கேள்வி: ஊறுகாய் பாட்டில்ல ஸ்டிக்கர் பசை போக மாட்டேங்குது. (கொடைக்கானல் வாசகி)

பதில்: இதுக்கு ஆலிவ் ஆயில் தாராளமா ஆகும். தடவி கால் மணி விட்டு, தேய்ச்சு எடுத்துட்டு சோப்பு போட்டு கழுவிடுங்க. ஆனா யூகலிப்டஸ் தைலம் வீட்டுல இருந்தா அது இன்னும் சீக்கிரம் கரைக்கும், கண்ணாடி பாட்டிலுக்கு மட்டும், பிளாஸ்டிக்ல வேண்டாம், அடுப்புகிட்ட வேண்டாம், குழந்தை கைக்கு எட்டற இடத்துல வேண்டவே வேண்டாம். ஸ்டீல் சிங்க்ல விரல் தடம் போகவும், கையில ஒட்டின ஆயில் பெயின்ட் போகவும் ஆலிவ் ஆயில் நல்லது. உடனே துடைச்சு எடுத்துடறோம் இல்லையா, அதான்.

கேள்வி: தேதி முடிஞ்ச அரை பாட்டில் இருக்கு, அவ்வளவு விலை குடுத்து வாங்கினது, கொட்ட மனசு வரல.

பதில்: சிங்க்ல கொட்டாதீங்க, இந்தக் குளிருக்கு குழாய்க்குள்ள கெட்டியாகி அடைச்சுக்கும். மண்வெட்டி, கடப்பாரை, கவாத்து கத்தி இதையெல்லாம் மண்ணு போக கழுவி, அடுப்போரம் வச்சு நல்லா காய வச்சு, பழைய துணியில தொட்டு இரும்பு மேல மெல்லிசா இழுத்து விடுங்க, மஞ்சு பட்டாலும் துரு பிடிக்காது. கைப்பிடியில படாம பாத்துக்கோங்க, வழுக்கும். மறுபடி எடுக்கும்போது ஒட்டும், துடைச்சுட்டு வேலைக்கு எடுத்துட்டு போகலாம். தோசைக்கல்லுக்கு மட்டும் இந்த சிக்கு எண்ணெய் வேண்டாம், அதுக்கு எப்பவும் போல நல்லெண்ணெயே இருக்கட்டும்.