மூன்று மணி நேரம் கொதித்த பீன்ஸ் ஜாடியை நம்பலாமா?

கேள்வி: அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், வடக்கு மலைப்பகுதியில் குடியிருக்கிறோம். பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி கூடை கூடையாகப் பீன்ஸ் தருகிறார். அவர் அதைக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து, மூன்று மணி நேரம் கொதிநீரில் வைத்து, ஆண்டு முழுவதும் அலமாரியில் அடுக்கிவைக்கிறார். நாங்களும் அப்படிச் செய்யலாமா, அல்லது ஊரிலிருந்து கொண்டுவந்த ஐந்து லிட்டர் குக்கர் போதுமா?

பதில்: இரண்டுமே வேண்டாம்.

பீன்ஸ் புளிப்பில்லாத காய். மண்ணிலிருந்து அதனோடு வரும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள், தண்ணீர் கொதிக்கும் 100 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்கில் கிடந்தாலும் தப்பிப் பிழைக்கக்கூடியவை. அவற்றை அழிக்க ஏறத்தாழ 116 டிகிரி வேண்டும், நீராவியை அழுத்தத்தில் அடைத்தால்தான் அந்தச் சூடு கிடைக்கும். பிழைத்த வித்துகள் முளைத்து நரம்புகளை முடக்கும் நஞ்சைச் சுரப்பதற்கு, காற்றில்லாத ஈரமான ஜாடியைவிட வசதியான இடம் இல்லை. எனவே ஆறும்போது மூடி 'டிக்' என்று உள்வாங்கும் ஓசையைக் கேட்டு நிம்மதி அடையாதீர்கள். காற்று போய்விட்டது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. 'எங்கள் வீட்டில் இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை' என்பவர்களுக்கு, 2015ஆம் ஆண்டு ஒஹாயோவின் லான்காஸ்டர் நகரில் நடந்த தேவாலய விருந்தை நினைவூட்டுவது என் வழக்கம்: வீட்டில் கொதிநீரில் மட்டும் பதப்படுத்திய உருளைக்கிழங்கில் செய்த சாலட்டால் 29 பேர் நோயுற்றனர், ஒருவர் இறந்தார்.

நம் குக்கரில் அழுத்தம் குறைவில்லை. ஆனால் சிறிய பாத்திரம் விரைவில் சூடேறி விரைவில் ஆறிவிடும் என்பதால், பெரிய கலத்தில் சோதித்து வகுத்த நேரக் கணக்கு அதற்குப் பொருந்தாது. குவார்ட் (ஏறத்தாழ ஒரு லிட்டர்) ஜாடிகள் நான்கையாவது நிற்கவைக்கக்கூடிய பிரஷர் கேனர், அதாவது ஜாடிகளை அழுத்த நீராவியில் பதப்படுத்தும் பெரிய கலம், ஒன்றை வாங்குங்கள். வெயிட் போடாமல் 10 நிமிடம் நீராவியை வெளியேறவிட்டு, பிறகு, நீங்கள் 1,000 அடி உயரத்துக்கு மேல் இருப்பதால், 15 பவுண்டு அழுத்தத்துக்கான வெயிட்டில் பைண்ட் (ஏறத்தாழ அரை லிட்டர்) ஜாடிக்கு 20 நிமிடமும் குவார்ட் ஜாடிக்கு 25 நிமிடமும் வைக்க வேண்டும். அடுப்பை அணைத்தபின், நாம் பழகியபடி குழாயடியில் காட்டி ஆற்றக் கூடாது. அழுத்தம் தானாக இறங்கட்டும்.

வாங்கும்போதுதான் ஏமாறுவீர்கள். 'கேனிங்' (ஜாடியில் பதப்படுத்தல்) என்று பொத்தான் ஒட்டிய மின் குக்கரை விற்பவர், அந்தப் பொத்தானுக்குள் என்ன வெப்பம் இருக்கிறது என்று சொல்லமாட்டார். ஜார்ஜியா பல்கலைக்கழகத்திலுள்ள தேசிய வீட்டு உணவுப் பதப்படுத்தும் மையம் அத்தகைய குக்கர்களில் தன் நேர அட்டவணையைப் பயன்படுத்தச் சொல்வதில்லை. பழைய பொருள் சந்தையில் 'ஒருமுறைகூடப் பயன்படுத்தாதது' என்று தள்ளிவிடப்படும் முள் மானி (அழுத்தத்தை முள்ளால் காட்டும் கருவி) வைத்த கலமும் அப்படித்தான். அந்த மானியை ஆண்டுக்கொருமுறை மாவட்ட வேளாண் விரிவாக்க அலுவலகத்தில் சோதிக்க வேண்டுமென்று விதி சொல்கிறது; அலுவலகத்தைக் கேட்டாலோ அடுத்த மாவட்டத்தைக் கைகாட்டுகிறது. 1914 முதல் இருந்துவரும் விரிவாக்க அமைப்பு இது! வெயிட் வைத்த கலமாக வாங்கினால் இந்த அலைச்சல் இல்லை.

கொதிநீர் போதுமான ஒரே பீன்ஸ், வினிகரில் ஊறியதுதான். ஐந்து சதவீத அமிலம் என்று புட்டியில் அச்சிட்ட வினிகரும் தண்ணீரும் சரிபாதி. பைண்ட் ஜாடிகளை உங்கள் உயரத்தில் கொதிநீரில் 10 நிமிடம் வைத்தால் போதும். ஆனால் நம்மவர்கள் இங்கேதான் கைவரிசை காட்டுகிறார்கள்: புளிப்பு அதிகம் என்று வினிகரைக் குறைப்பது, வினிகருக்குப் பதில் புளிக்கரைசல் ஊற்றுவது, ஊறுகாய் நினைப்பில் மேலே நல்லெண்ணெய் விடுவது. இவற்றில் ஒன்றைச் செய்தாலும் அது சோதித்த முறையல்ல, மறுபடி பாட்டியின் ஜாடிதான். புளிப்பு பிடிக்காவிட்டால் சர்க்கரை சேருங்கள், வினிகரில் கை வைக்காதீர்கள்.

கேனர் வரும்வரை பீன்ஸைக் கொதிநீரில் 3 நிமிடம் போட்டெடுத்து, குளிர்நீரில் ஆற்றி, ஃப்ரீசரில் வையுங்கள். அல்லது அந்த மலைக்காரர்களே 'லெதர் பிரிட்சஸ்' என்று செய்வதுபோல, ஊசி நூலில் கோத்து முறுகக் காயவிடுங்கள்; நம் கொத்தவரை வற்றலின் உறவுக்காரர்தான். பாட்டி ஏற்கெனவே தந்த ஜாடிகளை, அவர் மனம் நோகாமல் வாங்கிக்கொண்டு, திறக்காமலும் ருசி பார்க்காமலும் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.